அப்பா ஐசியுவில், கிரீன் கார்டு பெண்டிங்கில்: ஊருக்குக் கிளம்பலாமா?

வாசகி கேள்வி:

"நியூஜெர்சியில் இருக்கிறேன். எஃப்-1 விசாவில் படிக்க வந்து, இப்போது ஓபிடியில் (படித்தவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி வேலை அனுமதி) வேலை பார்க்கிறேன். கணவர் அமெரிக்கக் குடிமகன். திருமணம் முடிந்ததும் மனைவிக்காகக் கணவர் போடும் ஐ-130 மனு, கிரீன் கார்டுக்கு ஐ-485, வெளிநாடு போய்த் திரும்பும் முன்அனுமதியான அட்வான்ஸ் பரோலுக்கு ஐ-131, வேலை அனுமதிக்கு ஐ-765 எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டோம். ஐந்து மாதம் ஆகிறது. கைரேகை முடிந்தது, அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தஞ்சாவூரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐசியுவில் இருக்கிறார். தம்பி 'உடனே கிளம்பி வா அக்கா' என்கிறான். பாஸ்போர்ட்டில் உள்ள என் எஃப்-1 விசா ஸ்டாம்ப் அடுத்த வருடம் வரை செல்லும். அதை வைத்தே போய்த் திரும்பலாமா? என் தோழி ஒருத்தி கிரீன் கார்டு பெண்டிங்கில் இருக்கும்போதே அட்வான்ஸ் பரோல் இல்லாமல் சென்னை போய் வந்தாள். நான் கிளம்பிய பிறகு அட்வான்ஸ் பரோல் வந்தால், கணவர் கூரியரில் அனுப்பினால் போதாதா? அப்பாவைப் பார்க்காமலே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது."

சகோதரி, உங்கள் அவசரம் புரிகிறது. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஃப்-1 ஸ்டாம்பை நம்பிக் கிளம்பாதீர்கள். கூரியர் யோசனையும் வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு அவசர அட்வான்ஸ் பரோல் என்று ஒரு வழி இருக்கிறது. பேப்பர்கள் சரியாக இருந்தால் சில நாட்களில் கையில் கிடைக்கக்கூடியது அது. அப்பாவா கிரீன் கார்டா என்று ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என நினைத்து நீங்கள் தவிப்பது கடிதத்தில் தெரிகிறது. பெரும்பாலும் அந்த நிலை வராது. ஒருவேளை வந்தாலும், எதை இழப்பீர்கள், எதை இழக்க மாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். அதையும் கீழே சொல்கிறேன்.

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியேறினால், அந்த விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாக அரசு எடுத்துக்கொள்ளும். காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. உங்கள் தோழி போய் வந்தது எப்படி என்றால், அவர் அநேகமாக எச்-1பி (வேலை விசா) அல்லது எச்-4-இல் (அவர்களின் துணைக்கான விசா) இருந்திருப்பார். எச்-1பி, எல்-1 (நிறுவன இடமாற்ற விசா) வைத்திருப்பவர்களுக்கும் அவர்களின் துணைக்கும் விதியிலேயே விலக்கு இருக்கிறது. அந்த ஸ்டேட்டஸை விடாமல் வைத்திருந்து, செல்லுபடியாகும் ஸ்டாம்ப்புடன் அதே விசாவில் திரும்பி வந்தால் ஐ-485-க்கு ஒன்றும் ஆகாது. எஃப்-1 அந்தப் பட்டியலில் இல்லை. மாணவர் விசா என்பது படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவேன் என்று சொல்லி வாங்குவது. அமெரிக்கக் குடிமகனைத் திருமணம் செய்து கிரீன் கார்டுக்கும் விண்ணப்பித்த பிறகு, விமான நிலையத்தில் அதே ஸ்டாம்பைக் காட்டி 'நான் மாணவி' என்று சொன்னால், உண்மையை மறைத்து நுழைய முயன்றதாக அதிகாரி முடிவு செய்யலாம். அந்தக் குற்றச்சாட்டு ஒரு முறை பதிவாகிவிட்டால் வாழ்நாள் தடை. விலக்கு கேட்டு வாங்க முடியும் என்றாலும் அது பெரும்பாடு. ஸ்டாம்பில் தேதி மிச்சம் இருக்கிறது என்பதற்காக இந்த ஆபத்துக்குள் போகவே கூடாது.

எச்-1பியில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டேட்டஸ் சரியாக இருந்தாலும் பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தால், ஊரில் போய் ஸ்டாம்பிங் முடித்துத்தான் திரும்ப முடியும். நேர்காணல் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போய் அங்கேயே மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. அதனால் எச்-1பி இருக்கிறதே என்று அட்வான்ஸ் பரோலை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கூரியர் விஷயம். ஐ-131 நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால், அந்த ஐ-131-உம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். அனுமதி வழங்கப்படும் நேரத்தில் நீங்கள் இங்கே இருக்க வேண்டும். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கேட்டு வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. அவர்களால் இதைத் தர முடியாது. காகிதம் கையில் வந்த பிறகுதான் விமானம்.

சரி, அந்தக் காகிதத்தை எப்படி வேகமாக வாங்குவது?

நாளை காலை அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ்-இன் தொடர்பு மையத்தை அழையுங்கள். எண் 1-800-375-5283. முதலில் பேசுவது இயந்திரக் குரல். மனிதரிடம் பேச வேண்டும், அவசர அட்வான்ஸ் பரோலுக்கு உள்ளூர் அலுவலகத்தில் நேரம் வேண்டும் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். முதலில் எடுப்பவரால் நேரம் ஒதுக்க முடியாது. விவரத்தைக் குறித்துக்கொண்டு, மூத்த அதிகாரி திரும்ப அழைப்பார் என்பார். அந்த அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரும். தவறவிட்டால் வரிசையில் மறுபடி நிற்க வேண்டியிருக்கும் என்பதால் போனைக் கையிலேயே வைத்திருங்கள். பேசும்போது மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: தந்தை ஐசியுவில் இருக்கிறார், மருத்துவர் கடிதம் கையில் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் கிளம்பியாக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் கிளம்ப வேண்டியவர்களுக்கான வழி இது. 'அடுத்த மாதம் போகலாம் என்று இருக்கிறேன்' என்றால் ஏற்கெனவே போட்ட ஐ-131-ஐ விரைவுபடுத்தக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். கல்யாணம், கிரகப்பிரவேசம் போல முன்கூட்டியே தெரிந்த நிகழ்ச்சிகளுக்கு இந்தக் கதவு பொதுவாகத் திறக்காது.

நியூஜெர்சியில் நூவார்க்கிலும் மவுண்ட் லாரலிலும் அலுவலகங்கள் இருக்கின்றன. எது உங்களுக்கு என்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது. அன்று எடுத்துப் போக வேண்டியவை: ஐ-485, ஐ-131 இரண்டின் ரசீதுகள், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், 2 அங்குலச் சதுரத்தில் இரண்டு புகைப்படங்கள், திருமணச் சான்றிதழ், மருத்துவர் கடிதம், அவர் உங்கள் அப்பாதான் என்பதற்கான ஆதாரம். கூடவே புதிதாக ஒரு ஐ-131-ஐயும் நிரப்பிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில அலுவலகங்கள் பழைய விண்ணப்பத்தின் பேரிலேயே முடிவு செய்யும், சில புதியது வேண்டும் என்னும். புதியது என்றால் கட்டணமும் மறுபடி கேட்கலாம். 2024 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்த பட்டியலில் அது 630 டாலர். எந்த முறையில் பணம் கட்டுவது என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டு வையுங்கள். அலுவலகம் வரை போய், கொண்டுபோன காசோலை செல்லாது என்று திரும்புவதைப் போல வேதனை வேறில்லை.

மருத்துவர் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த முழு முயற்சியும் அதன் மீதுதான் நிற்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் கேட்டால் 'இன்ன தேதியில் அனுமதிக்கப்பட்டார், சிகிச்சையில் உள்ளார்' என்று இரண்டு வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது போதாது. மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், தேதியோடு, மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, முத்திரை, தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். அப்பாவின் முழுப் பெயர், வயது, என்ன நோய், இப்போது என்ன நிலை, வென்டிலேட்டரில் இருக்கிறாரா, உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை மருத்துவம் படிக்காதவருக்கும் புரியும்படி எழுதியிருக்க வேண்டும். மகள் உடனே வருவது அவசியம் என்று ஒரு வரி இருந்தால் மிகவும் நல்லது. 'உயிருக்கு ஆபத்து' என்று எழுத மருத்துவர்கள் தயங்குவார்கள், குடும்பம் பயந்துவிடும் என்று நினைத்து. இது அமெரிக்க அரசு அலுவலகத்துக்குப் போகும் கடிதம், உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள் என்று தம்பி எடுத்துச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வளைந்து நெளிந்து எடுத்த படம் வேண்டாம். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, நல்ல பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களுக்கென்றே வரும் இன்னொரு சிக்கல் பெயர். அப்பா பெயர் உங்கள் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, மருத்துவமனைச் சீட்டில் இனிஷியலோடு இன்னொரு மாதிரி இருக்கும். நமக்கு அது ஒரே ஆள் என்று தெரியும். எதிரே இருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுங்கள். மருத்துவரின் கடிதத்திலும் அதே எழுத்துகளில் பெயர் வரும்படி தம்பியிடம் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், அதை மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர்க்க வேண்டும். ஐ-485 போட்டபோதே அதைச் செய்திருப்பீர்கள், அந்த நகலே போதும்.

டிக்கெட்டை முதலிலேயே வாங்க வேண்டாம். ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் டிக்கெட், அல்லது பயணத் திட்டத்தின் பிரிண்ட் இருந்தால் போதும்.

அதிகாரி அன்றே காகிதத்தைக் கையில் தரலாம், இரண்டொரு நாளில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம், மறுக்கவும் செய்யலாம். இது அவருடைய விருப்புரிமைக்கு உட்பட்டது. மறுத்தால் எது குறைகிறது என்று பணிவாகக் கேட்டு, அதைச் சரிசெய்து மறுபடி நேரம் கேளுங்கள். இன்னொரு கதவும் உண்டு, பலர் அதைத் தட்டுவதே இல்லை. உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் இத்தகைய வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கணவர் வாக்காளர். அவர் இன்றே அவர்களது இணையதளத்தில் உள்ள ஒப்புதல் படிவத்தை உங்கள் கையெழுத்தோடு அனுப்பலாம். அவர்கள் யூஎஸ்சிஐஎஸ்-இடம் நேரடியாக விசாரிப்பார்கள். தொலைபேசி முயற்சி தோற்கும் வரை காத்திருக்காமல் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லாமல் விடுவது உங்களுக்கு உதவாது. நீங்கள் நாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பா தவறிவிடலாம். நம் வீடுகளில் உடலை ஃப்ரீசர் பெட்டியில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் உங்களால் போய்ச் சேர முடியாமல் போகலாம். தம்பியிடமும் அம்மாவிடமும் இதை இப்போதே பேசி வையுங்கள். உங்களுக்காகக் காத்திருப்பதா வேண்டாமா என்பதை அந்த நேரத்து அழுகைக்கு நடுவே அவர்கள் முடிவு செய்யும்படி விடாதீர்கள். அப்படி நடந்தால் அவசர விண்ணப்பம் முடிந்துபோவதில்லை. முறையான இறப்புச் சான்றிதழ் கைக்கு வரச் சில நாள் ஆகும். அதுவரை மருத்துவமனை தரும் இறப்பு அறிக்கை, மயான ரசீது ஆகியவற்றை வைத்துக் கேட்கலாம். 'அடக்கம் முடிந்துவிட்டதே, இனி என்ன அவசரம்' என்று அதிகாரி கேட்பது உண்டு. பதினாறாம் நாள் காரியம் எந்தத் தேதி, அதில் மகளின் இடம் என்ன, அம்மா எந்த நிலையில் இருக்கிறார் என்று அரைப் பக்கத்தில் எழுதி நீங்களே கையெழுத்திட்டுக் கொடுங்கள். அதைப் படித்து மனம் மாறும் அதிகாரிகள் இருக்கிறார்கள்.

காகிதம் கிடைத்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். அவசரமாகத் தரப்படும் அட்வான்ஸ் பரோல் குறுகிய காலத்துக்கு, ஒரே ஒரு முறை நுழைய மட்டும் என்று இருக்கலாம். அந்தத் தேதிக்குள் இங்கே தரையிறங்கியாக வேண்டும். வெளிநாட்டில் இருந்தபடி அதை நீட்டிக்க முடியாது. பெயர், பிறந்த தேதியில் பிழை இருக்கிறதா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வரும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

திரும்பும் வழியைப் பொறுத்தவரை தோஹா, துபாய் வழியாக வருவது சிக்கல் குறைவு. லண்டன் வழி என்றால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா கேள்வி வரும், அட்வான்ஸ் பரோல் காகிதம் அதற்கு உதவாது. சென்னை கவுன்ட்டரில் விசா எங்கே என்று கேட்டால் அட்வான்ஸ் பரோலைக் காட்டுங்கள். எஃப்-1 ஸ்டாம்பையோ ஐ-20 என்ற மாணவர் படிவத்தையோ முன்னால் வைக்காதீர்கள். இங்கே இறங்கியதும் உங்களைத் தனி அறைக்கு அனுப்புவார்கள். பரோலில் வரும் எல்லோரையும் அப்படித்தான் அனுப்புகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த விமானம் இருந்தால் நடுவில் மூன்று, நான்கு மணி நேரமாவது விடுங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, அப்பாவைப் பார்க்கப் போனேன், கணவர் இன்னார். இறுதியாக உள்ளே விடுவது அந்த அதிகாரியின் முடிவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்களைப் போல் சுத்தமான பதிவு உள்ளவருக்கு அது பொதுவாகத் தடையாக வருவதில்லை.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். பரோலில் திரும்பி வந்தால் நீங்கள் இனி எஃப்-1 மாணவி இல்லை. ஓபிடி அந்த ஸ்டேட்டஸைச் சார்ந்தது. அதனால் பழைய ஓபிடி அட்டையை வைத்து வேலையைத் தொடரக் கூடாது. ஐ-485 அடிப்படையிலான வேலை அனுமதி அட்டை (இஏடி) வந்த பிறகே மறுபடி வேலையில் உட்கார வேண்டும். அது வரவில்லை என்றால் மேலாளரிடம் இப்போதே விடுப்பு பற்றிப் பேசுங்கள். ஐ-765-ஐ விரைவுபடுத்தவும் தனியாகக் கேளுங்கள்.

எல்லாம் செய்தும் காகிதம் கிடைக்கவில்லை, அப்பாவின் நிலை மோசமாகிறது, போயே தீர வேண்டும் என்று தோன்றினால்? அப்போது இழப்பது ஐ-485, அதோடு சேர்ந்த ஐ-131, ஐ-765, அவற்றுக்குக் கட்டிய பணம். கணவர் போட்ட ஐ-130 அப்படியே உயிரோடு இருக்கும். அது ஒப்புதல் ஆனதும் வழக்கைத் தூதரக வழிக்கு மாற்றி, மும்பையில் நேர்காணல் முடித்துக் குடியேற்ற விசாவில் வரலாம். அதற்குப் பல மாதங்கள், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அத்தனை காலம் கணவரும் நீங்களும் பிரிந்திருக்க வேண்டும், வேலை போகும். பெரிய விலைதான். ஆனால் நீங்கள் ஸ்டேட்டஸ் தவறாமல் இருந்தவர் என்பதால் மூன்று வருடத் தடை, பத்து வருடத் தடை எதுவும் உங்கள் மேல் விழாது. இது தெரிந்து, கணவரோடு பேசி, அப்பாவே முக்கியம் என்று நீங்கள் கிளம்பினால் அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் கிளம்புவதைத்தான் தடுக்க நினைக்கிறேன்.

மேலே உள்ள இந்தப் பத்தியை வேறு யாரும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்க அனுமதித்த காலம் முடிந்தும் 180 நாளுக்கு மேல் தங்கியிருந்தவர் அட்வான்ஸ் பரோல் இல்லாமல் வெளியேறினால் மூன்று வருடம் உள்ளே வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். அட்வான்ஸ் பரோலோடு போய் வந்தால் அந்தப் பத்து வருடத் தடை பொருந்தாது என்று 2012-இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பு சொன்னது. அரபள்ளி, எராபெள்ளி என்ற தம்பதி தொடர்ந்த வழக்கு அது, இன்றும் பலரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் பழைய நாடுகடத்தல் உத்தரவோ குற்ற வழக்கோ இருப்பவர்கள், அட்வான்ஸ் பரோல் கையில் இருந்தாலும் வழக்கறிஞரிடம் முழுக் கோப்பையும் காட்டாமல் விமானம் ஏறக் கூடாது.

கணவர் கூட வர நினைத்தால் அவருக்கு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை) அல்லது இந்திய விசா வேண்டும். என் யோசனை, அவர் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் போன நேரத்தில் நேர்காணல் கடிதமோ கூடுதல் ஆவணம் கேட்டு நோட்டீசோ வரலாம். அதற்குக் கெடு இருக்கும், தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். தினமும் தபால் பெட்டியையும் ஆன்லைன் கணக்கையும் பார்க்க, நேர்காணல் வந்தால் தேதி மாற்றக் கேட்க ஒருவர் வேண்டும்.

இங்கே இரவு ஒன்பது மணிக்குத் தஞ்சாவூரில் விடிந்திருக்கும். இன்று இரவே தம்பியை அழைத்து, காலையில் மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது பிடித்துக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுந்து யூஎஸ்சிஐஎஸ்-ஐ அழைக்கும் நேரத்தில் அது உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.